என்ன கலர் பெட்டி?

1994 ஆகஸ்ட் 16ஆம் திகதி. தலவாக்கலைப் பக்கத்து மலைகளுக்கே உரிய தூறல் காலையிலிருந்து விடாமல் விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் வாக்களிப்பு நிலையம். எனக்கு அப்போது பதினாறு வயது, வாக்கு இல்லை. அம்மாவின் அம்மாவான அம்மாயியைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் பொறுப்பு. குடை வேண்டாமென்று கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் என்னைவிட வேகமாக நடந்தாள். 69 வயதுக்காரி. முப்பது வருசம் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறி இறங்கிய கால் அது.

வாசலில் வாக்காளர் அட்டையைச் சரிபார்த்த இளைஞரிடம் அம்மாயி கேட்டாள்: "தம்பி, நம்மாளு என்ன கலர் பெட்டி?"

அவர் சிரித்துவிட்டார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பெட்டி ஒண்ணுதான் அம்மாயி, கடுதாசியிலதான் கோடு போடணும்" என்று காதில் சொன்னேன். வீட்டில் முதல் நாள் ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை இப்படி மறந்துவிட்டாளே என்று வழியெல்லாம் அவளைக் கடிந்துகொண்டும் வந்தேன்.

"எங்கம்மா போட்டப்போ கலர்ப் பெட்டிதான் இருந்துச்சு" என்றாள். வயசாகிவிட்டது, எதையோ எதோடோ குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

குழப்பிக்கொண்டது நான்தான் என்று தெரியப் பத்து வருசத்துக்கு மேல் ஆயிற்று. பழைய அரசியல் கதைகளைத் தேடித் தேடி வாசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பெரிய கதைகள் அல்ல. ஒப்பந்தம், சட்டம், மாநாடு எல்லாம் பாடப்புத்தகத்திலேயே கிடக்கின்றன. அடிக்குறிப்பில் ஒளிந்து கிடக்கிற சில்லறைக் கதைகள்தான் எனக்கு ருசி. அப்படி ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்த நாளில் கண்ணில் பட்டது: பாராளுமன்றத்துக்கு முன்னால், பிரித்தானியர் காலத்தில் இருந்த அரசாங்க சபைக்கான தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள், நிறத்துக்கு ஒரு பெட்டி. எழுத்துத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டுமே, அதற்காக. வாக்குச் சீட்டை உங்கள் ஆளின் நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். சின்னங்கள் எல்லாம் பிறகு வந்தவை.

1936இல் அம்மாயிக்குப் பதினொரு வயது. அவளுடைய அம்மா, அதாவது என் பூட்டி, ஹட்டன் தொகுதியில் வாக்களித்திருக்கிறாள். இவள் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெட்டி 58 வருசம் கழித்து வாய்க்கு வந்திருக்கிறது. அம்மாயி அப்போது உயிரோடு இல்லை, மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைத் தேடிப்போன வழியில் நான் பொறுக்கிய கதைகள். வரிசை ஒழுங்காக இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் கதை ஒரு கேள்வியும் பதிலும். 1927 கடைசியில் டொனமூர் பிரபு தலைமையில் நாலு பேர் கொண்ட ஆணைக்குழு லண்டனிலிருந்து இலங்கைக்கு வந்து சாட்சியம் கேட்டது. அன்று நாட்டில் வாக்குரிமை இருந்தது நூற்றுக்கு நாலு பேர் அளவில்தான். பெண் ஒருத்திக்கும் இல்லை. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஆணைக்குழு முன் போய் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர், கண்டியில் பேர்போன வழக்கறிஞர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி. உண்மையில் சங்கம் கேட்கப் போனது படித்த, சொத்துள்ள பெண்களுக்கான வாக்கைத்தான். பேச்சு நடுவில் டொனமூர் பிரபு கேட்டார்: தோட்டங்களில் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா?

அக்னஸ் சொன்ன பதில்: "நிச்சயமாக. அவர்களும் பெண்கள்தானே. எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும்."

இதை முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன். பிரபு அந்தக் கேள்வியை எந்த நோக்கத்தில் கேட்டாரோ! எனக்கென்னவோ, "அட, அவர்களுக்கு எதற்கு" என்று ஒரு தலையாட்டலை எதிர்பார்த்துக் கேட்ட மாதிரித்தான் படுகிறது. ஒரு சங்கத்துப் பிரமுகர் அந்த இடத்தில் சாமர்த்தியமாக நழுவியிருக்கலாம். கண்டியில் வாழ்ந்த பெண்ணுக்குச் சுற்றியுள்ள மலைகளில் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரியும், அவர்களுக்கு வாக்குப் போனால் தன் ஆட்களே முகம் சுளிப்பார்கள் என்றும் தெரிந்திருக்கும். நழுவவில்லை.

ஆணைக்குழு தன் அறிக்கையில் பெண்களுக்கு முப்பது வயதில் வாக்கு என்று எழுதியது. சட்டமாக வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 என்று ஆகிவிட்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை. பிரித்தானியாவின் பெண்களுக்கே 21 வயதில் வாக்குக் கிடைத்தது 1928இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வாலும் ஒட்டினார்கள். இங்கேயே நிரந்தரக் குடி என்று காட்ட வேண்டும், அல்லது ஐந்து வருச வாசத்தைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த வால்தான் பிற்பாடு நீண்டு நீண்டு கழுத்தைச் சுற்றியது.

அக்னஸைப் பற்றிச் சொன்னதால் அவர் வீட்டுக் கதை ஒன்று. 1947இல் கண்டித் தொகுதியை வென்ற ஜோர்ஜ் ஈ. டி சில்வா தேர்தல் மனுவில் கதிரையை இழந்தார். 1948 இடைத்தேர்தலில் டி.பி. இலங்கரத்ன வென்றார். மனு போட்டு அவரையும் இறக்கினார்கள். அடுத்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி தமரா குமாரி இலங்கரத்ன நின்றார், 1949இல் வென்று அதே கதிரையில் போய் உட்கார்ந்தார். இரண்டு வருசத்துக்குள் ஒரு கதிரைக்கு மூன்று பேர். பெண்களுக்கு வாக்குக் கேட்ட அக்னஸின் கணவர் இழந்த கதிரை, சுற்றிச் சுற்றி ஒரு பெண்ணிடம் வந்து நின்றது.

சரி, 1931க்கு வருகிறேன். முதல் தேர்தல், சர்வசன வாக்குரிமை என்று நாடே பேசுகிறது. ஹட்டனில் வாக்கெடுப்பே நடக்கவில்லை! பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவானார். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், பாரிஸ்டரான மனிதர். அந்தக் காலத்தில் அமைச்சர்களைப் பிரதமர் நியமிப்பதில்லை, பிரதமர் என்ற பதவியே இல்லை. சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரியும், ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்யும், அந்தத் தலைவர்தான் அமைச்சர். அப்படித் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார் பெரி சுந்தரம். தோட்டத்தில் காலில் அட்டை கடிக்க நின்ற சனத்தின் ஆள் ஒருவர் முதல் அமைச்சரவையிலேயே இருந்தார் என்று இன்றைக்கு எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அவர் காலத்தது.

1936க்குப் பிறகு அந்தக் கதிரை போயிற்று. ஏழு குழுக்களிலும் சிங்களத் தலைவர்களே வரும்படி ஆட்களைப் பங்கிட்டுப் போட்டுத் தனிச் சிங்கள அமைச்சரவை அமைத்தார்கள். யார் யாரை எந்தக் குழுவில் போட்டால் கணக்குச் சரிவரும் என்று கூட்டிக் கழித்துக் கொடுத்தது கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம்தான் என்பார்கள். தமிழர். வெட்டப்போகிறவனுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்த மாதிரி.

அந்த 1936 தேர்தலில் ஹட்டனில் வென்றவர் கோ. நடேசய்யர். என் பூட்டி தேடிய கலர்ப் பெட்டி அவருடையதாக இருக்கத்தான் சாத்தியம் அதிகம். பூட்டன் அவருடைய பேச்சைக் கேட்க இருட்டில் பத்து மைல் நடந்து போனவர் என்று வீட்டில் ஒரு பெருமை உண்டு.

தஞ்சாவூர்க்காரரான அய்யர் முதன்முதலில் தோட்டங்களுக்குள் நுழைந்த விதத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. அன்று தோட்டம் துரையின் கோட்டை. வெளியாள் உள்ளே காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. துணி மூட்டைக்காரனுக்கு மட்டும் தடை இல்லை, சம்பள நாளில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் வந்து சேலை விரிப்பான். அய்யரும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு புடைவை வியாபாரியாகப் போனாராம். பூணூல் போட்ட பிராமணர், லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சேலைக்கு விலை பேசிக்கொண்டே ஆள்கட்டி மேய்க்கும் கங்காணியின் கடன் கணக்கு, துண்டு முறை, வேலைப் பதிவிலிருந்து நீக்கும் பேர் வெட்டு எல்லாவற்றையும் கேட்டு மனதில் எழுதிக்கொண்டார். பிறகு அவை பத்திரிகைகளில் வந்தன. 'தேசநேசன்', 'தேசபக்தன்' இரண்டும் அவருடையவை. துண்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு சீட்டு. அதை இன்னொரு தோட்டம் காசு கொடுத்து வாங்கும், சீட்டோடு ஆளும் போவான். 1921இல்தான் ஒழித்தார்கள்.

அய்யரைவிட எனக்குப் பிடித்தது அவர் மனைவி மீனாட்சி அம்மாள். கூட்டத்தில் அய்யர் பேசுவதற்கு முன்னால் இவர் பாடுவார். சனத்துக்குப் பழகிய மெட்டில், சம்பளத்தையும் சட்டத்தையும் பற்றிய பாட்டு. பேச்சு மறந்துபோகும், பாட்டு மறக்காது. மறுநாள் அது மலையில் கொழுந்தோடு கொழுந்தாகப் பரவியிருக்கும். அரசியல் பாட்டை மேடையில் நின்று பாடிய பெண்கள் 1930களில் இந்த நாட்டில் எத்தனை பேர்? எங்கள் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு தெருகூட இல்லை.

இனி, எனக்கு மிகப் பிடித்த கதை. ஒரு சின்னத்துரையின் கதை.

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். இங்கிலாந்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் தேயிலைத் தொழில் பழக இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் சேர்ந்தார். வேலை பழகும் வெள்ளைக்காரப் பையனைத் துரைமார் தங்களுக்குள் க்ரீப்பர் என்பார்கள். ஊர்ந்து ஊர்ந்து மேலே வருபவன் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் எங்களுக்கு அவன் சின்னத்துரை. பங்களாவில் சாப்பிட்டு, குதிரையில் சுற்றி, நாலு வருசத்தில் பெரிய துரையாக வேண்டிய ஆள். இவருக்கு லயத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தொழிலாளர் பக்கம் பேசினார், வேலை போயிற்று. நேரே இடதுசாரிகளின் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

1937 ஏப்ரல் 3. நாவலப்பிட்டியில் கூட்டம். தோட்டத் தொழிலாளர் இரண்டாயிரம் பேர். இந்தியாவிலிருந்து சுதந்திரப் போராட்டக்காரர் கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார். கட்சித் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா எழுந்து, நம்மிடம் ஒரு வெள்ளைத் தோழர் இருக்கிறார், பேச இசைந்திருக்கிறார் என்று அறிவித்தார். பிரேஸ்கேர்டில் எழுந்து மலை மேலே தெரிந்த பங்களாக்களைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். அங்கே இருக்கிறவர்கள் உங்கள் ரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறார்கள், தொழில் சட்டத்தை அவர்கள் மீற விடாதீர்கள் என்று.

அன்று அங்கே நின்று குறிப்பெடுத்த பொலிஸின் அறிக்கை இருக்கிறது. பேச்சாளரின் முகமும் நிற்கிற தோரணையும் மிரட்டலாக இருந்தன என்று பயந்து பயந்து எழுதுகிறது அது. கூட்டம் நடுநடுவே என்ன சத்தம் போட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள்: "சாமி, சாமி".

இந்த இரண்டு சொல்லுக்காகவே அந்த அறிக்கை எழுதியவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். 'தோழர்' என்று மேடையில் அறிமுகப்படுத்துகிறார்கள். துரைத்தனம் ஒழிய வேண்டும் என்று அந்தத் தோழர் பேசுகிறார். கேட்கிற சனம் கண் கலங்கி, பழகிய ஒரே சொல்லால் அவரைக் கொண்டாடுகிறது. அதே சொல்லைத்தான் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் துரைக்கும் சொல்வார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் இது. நான் இரண்டும் செய்திருக்கிறேன்.

துரைமார் சும்மா இருப்பார்களா? பிரித்தானிய ஆளுநரான தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் நாடுகடத்தும் கட்டளை போட்டார். ஏப்ரல் 22இல் கையில் கொடுத்து, 24ஆம் திகதி மாலை ஆறு மணிக்குள் 'மூல்தான்' கப்பலில் ஏறிப் போய்விட வேண்டும் என்றார்கள். கப்பல் போயிற்று, ஆள் போகவில்லை. தலைமறைவு. மே தின ஊர்வலத்தில் "பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடுகடத்து" என்று பதாகைகள். மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் பெருங்கூட்டம், ஐம்பதாயிரம் பேர் என்பார்கள். நாடு முழுக்கப் பொலிஸ் தேடுகிற ஆள் மேடையில் ஏறிப் பேசினார். அத்தனை சனத்துக்கு நடுவே கை வைக்கப் பொலிஸ் துணியவில்லை. சில நாள் கழித்துத்தான் பிடித்தார்கள். ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. எச்.வி. பெரேரா வாதாடினார். மே 18இல் பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், அவசரகாலத்துக்கென்று 1896இல் கொடுத்த அதிகாரத்தைப் பேச்சுரிமையைப் பயன்படுத்திய ஒருவர் மேல் ஏவ முடியாது என்று அவரை விடுவித்தது. அரசாங்க சபையும் தேசாதிபதிக்கு எதிராகக் கண்டனத் தீர்மானத்தை 34க்கு 7 என்று நிறைவேற்றியது. குடியேற்ற நாட்டு நீதிமன்றம் ஒன்று தேசாதிபதியின் கட்டளையைக் கிழித்துப் போட்டது ஒரு சின்னத்துரையால். அந்த வருசமே பிரேஸ்கேர்டில் தானாகவே இங்கிலாந்து போய்விட்டார். 1999 வரை உயிரோடு இருந்தார். நான் பள்ளிக்கூடம் முடித்த பிறகும் அந்தச் 'சாமி' எங்கோ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரை மேடையேற்றிய சமசமாஜிகளின் கதையும் கண்டியோடு ஒட்டியது. யுத்த காலத்தில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரையும் பிடித்துக் கடைசியில் போகம்பரைச் சிறையில் வைத்திருந்தார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்து நால்வரும் சிறையை விட்டு மறைந்தார்கள். சுவர் ஏறிக் குதிக்கவில்லை. காவல் பார்த்த ஆளே கூட வந்துவிட்டார்! அங்கிருந்து களவாக இந்தியாவுக்கு. கண்டிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் போகம்பரை மதிலைப் பார்ப்பேன். காவலாளியையே கட்சிக்கு ஆள் பிடித்தவர்கள் இருந்த இடம்.

இதன் வால் கசப்பானது. தோட்டத்துத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்கள் இவர்கள். 1964இல் அதே என்.எம். நிதியமைச்சராக இருந்த அரசாங்கம்தான், எங்கள் சனத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. நாவலப்பிட்டியில் கை தட்டிய இரண்டாயிரம் பேரில் எத்தனை பேர் அதில் கப்பலேறினார்களோ.

அந்த ஒப்பந்தத்தைப் பார்க்காமல் ஐந்து மாதம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தவர் நேரு. அவருக்கும் எங்களுக்கும் இடையே ஒரு சின்னக் கதை இருக்கிறது. 1931இல் உடம்பு தேற மனைவி கமலாவோடும் மகள் இந்திராவோடும் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவில் இரண்டு வாரம் தங்கினார். அன்றாடம் தோட்டத்து ஆட்கள் பல மைல் நடந்து அவரைப் பார்க்க வந்தார்கள். கையில் காட்டுப் பூ, மரக்கறி, வீட்டில் கடைந்த வெண்ணெய். பேச பாஷை இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு இந்தியோ ஆங்கிலமோ தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு சரி என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வந்து குவிந்ததை எல்லாம் ஆஸ்பத்திரிக்கும் அநாதை விடுதிகளுக்கும் கொடுத்தார்களாம்.

எட்டு வருசம் கழித்து 1939 ஜூலையில் அவர் மறுபடி வந்தார், அப்போதுதான் இங்குள்ள இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வெண்ணெய்தான். லயத்துக் காம்பராவில் வெண்ணெய் கடைந்தால் அது பிள்ளை வாய்க்குப் போகாது, விற்றுக் காசாக்கத்தான். அதை இலையில் பொதிந்து, குளிரில் நடந்து, பாஷை தெரியாத மனிதரிடம் நீட்டிவிட்டுத் திரும்ப நடந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அவர்களுடைய தலையைக் கொழும்பும் டெல்லியும் எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டன.

அந்தப் பங்கு எங்கள் வீட்டுக்குள் வந்த விதத்தைச் சொல்கிறேன்.

1947இல் முதல் பாராளுமன்றத்துக்கு இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரை அனுப்பியது. தொண்டமான் நுவரெலியா, ராஜலிங்கம் நாவலப்பிட்டி, குமாரவேலு கொட்டகலை என்று. தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. கவிஞர், வட்டகொடைப் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாயி அப்போது கல்யாணமாகித் தலவாக்கலைப் பக்கம் வந்திருந்தாள். 22 வயது. முதல் வாக்கு. "பயத்துல ஒண்ணும் பாக்கல, போட்டுட்டு ஓடியாந்துட்டேன்" என்பாள்.

அடுத்த வருசம் 18ஆம் இலக்கச் சட்டம், மேலே சொன்ன பிரஜாவுரிமைச் சட்டம்தான். அதற்கடுத்த வருசம் 3ஆம் இலக்கச் சட்டம். அது ஒரு கதவைத் திறந்த மாதிரிக் காட்டியது. 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து பத்து வருசம் இங்கே இருந்ததைக் காட்டினால் பதிவுப் பிரஜை ஆகலாம். கல்யாணமானவர்களுக்கு ஏழு வருசம் போதும்! தாலி கட்டினால் மூன்று வருசத் தள்ளுபடி. இந்தச் சட்டத்தை எழுதியவரைப் பார்த்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் காரணம் கேட்க வேண்டும்போல் இருக்கும் எனக்கு. நடுவில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது என்று கணக்கு. காங்கிரஸ் முதலில் யாரும் விண்ணப்பிக்க வேண்டாமென்றது, கடைசி நேரத்தில் விண்ணப்பியுங்கள் என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போயிற்று. கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

தாத்தா 1940இல் தங்கச்சி கல்யாணத்துக்காகத் திருச்சிப் பக்கம் போனவர். இலங்கைக்கு ஆள் அனுப்புவதை இந்தியா தடை செய்திருந்த காலம், யுத்தமும் சேர்ந்துகொண்டது. திரும்பி வரப் பதினாலு மாதம். இரண்டு மாதம் அதிகம். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மனைவிக்கும் சேர்த்துப் புருசன் பெயரில் போட்ட விண்ணப்பம், ஆகவே அம்மாயியும் தள்ளுபடி. அவள் பிறந்ததிலிருந்து ஹட்டனைத் தாண்டி எங்கும் போகாதவள். நாத்தனார் கல்யாணத்துக்கு அவள் போகவே இல்லை. அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பின்னாளிலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

1964இல் கணக்கு இன்னும் சுத்தமாயிற்று. 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி. முதல் பங்கில் ஏழு பேருக்கு அங்கே என்றால் நாலு பேருக்கு இங்கே என்ற விகிதம். சந்தையில் கத்தரிக்காய் கூறு கட்டுகிறவன்கூட இவ்வளவு சரியாகக் கட்ட மாட்டான். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். தாத்தா இந்தியாவுக்கும் விண்ணப்பிக்கவில்லை, "பதினாலு மாசம் இருந்தது போதும்" என்றாராம். நாடற்றவராகவே செத்தார். அம்மாயிக்கு, நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டத்தில் காகிதம் கிடைத்தது. அதிலும் ஓர் அலுவலகத்தில் அவள் பெயரைப் பிழையாக எழுதி, திருத்த நாலு தரம் அலையவிட்டார்கள்.

இடையில் 1977 தேர்தலை விட்டுவிட்டேன். நுவரெலியா - மஸ்கெலியா அப்போது மூன்று உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் மூவருக்குப் பிரிக்கலாம், ஒரே ஆளுக்கே கொட்டலாம். பிரஜாவுரிமை கிடைத்த கொஞ்சப் பேர் மூன்றையும் தொண்டமானுக்கே கொட்டினால்தான் பிழைப்பு. காமினி திசாநாயக்க முதலாவது, அனுர பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது. முப்பது வருசத்துக்குப் பிறகு மக்கள் வாக்கில் மறுபடி உள்ளே போனார். றம்பொடையில் சொந்தத் தோட்டம் வைத்திருந்த தொழிற்சங்கத் தலைவர் அவர், அது தனிக் கதை.

இனி 1994 ஆகஸ்ட் 17. எங்கள் லயத்தில் ஒரே ரேடியோ, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. பொதுசன ஐக்கிய முன்னணி 105. ஐக்கிய தேசியக் கட்சி 94. ஆட்சி அமைக்க 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் ஏழையும் சேர்த்தால் முன்னணித் தலைவி சந்திரிகாவுக்கு 112. ஒன்று குறைகிறது. நாடு முழுக்கக் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஒன்று நுவரெலியா மாவட்டத்திலிருந்து வந்தது. சுயேச்சைக் குழுவில் வென்ற மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன். பதினேழு வருச ஆட்சியை மாற்றிய கடைசி ஒற்றைக் கதிரை எங்கள் மலையிலிருந்து இறங்கிப் போயிற்று. முந்திய ஆட்சியில் சிறையில் கிடந்தவர் அவர்.

மாமா உற்சாகத்தில் தொடையைத் தட்டினார். தொண்டமான் பக்கத்து ஆட்கள் முகம் சுருங்கி எழுந்து போனார்கள். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாயி, "என்னடா ஒண்ணு, ஒண்ணுன்னு கத்துறீங்க?" என்று கேட்டாள். ஒரே ஓர் ஆளால் அரசாங்கம் மாறுகிறது என்று விளக்கினேன்.

"அப்ப என் ஓட்டாத்தான் இருக்கும்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது படுக்கையில் கிடந்தாள். தை மாசம் போய்விட்டாள். ஆக, 1947இல் ஒன்று, 1994இல் ஒன்று. படுத்திருந்த நாட்களில் ஒருதரம் கால் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டேன், அன்றைக்கு யாருக்குத்தான் அம்மாயி போட்டாய் என்று.

"சொன்னா மட்டும்? என்ன கலர் பெட்டின்னே உனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.